சபையோர் வியப்புறுவர்

எங்கள் தெருவில் அப்போதெல்லாம் யாரைக் கேட்டாலும் முதலில் பெட்டியின் நிறத்தைத்தான் சொல்வார்கள். குங்குமச் சிவப்பு என்பார்கள், மேலே தங்க வர்ணத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டிருக்கும் என்பார்கள், ஓர் ஆள் நிற்கிற உயரம், உள்ளே இரண்டு கண்ணாடி, கதவுக்குப் பித்தளைக் கொக்கி என்பார்கள், அதற்குப் பிறகுதான், தக்காளி விலையைச் சொல்கிற மாதிரி, அதுக்குள்ளதான் வேலுத்தாய் மக இருக்கா என்பார்கள். வேலுத்தாய் நான்தான். மகள் பெயர் லோகேஸ்வரி, எல்லாருக்கும் லோகு.

என் வீட்டுக்காரர் இருளப்பன் லோடு ஆட்டோ வைத்துக்கொண்டு சாத்தூரைச் சுற்றியிருக்கிற ஊர்களில் பழைய இரும்பு, பழைய பேப்பர் எடுக்கிறவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து அட்டை கிழிந்த சின்னப் புத்தகம் ஒன்று விழுந்தது. அட்டையில் தலைப்பாகை கட்டின ஒருத்தர், அறுத்த கயிற்றை ஒட்டவைத்துக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். சோறு கொதிக்கிற நேரத்தில் அதை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன், படித்து முடிப்பதற்குள் எத்தனையோ சோறு குழைந்துவிட்டது, ஆனாலும் முடித்தேன், முடித்த அன்றைக்கே என் பழைய தாவணியிலிருந்து கிழித்த நாடாவை அறுத்து ஒட்டவைத்து அவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, அதற்கப்புறம் அப்படிப்பட்ட சாமான் எது கிடைத்தாலும் எடைக்குப் போடாமல் எனக்கென்று தனியாக எடுத்து வைத்தார். மூன்று பித்தளைக் கிண்ணங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கிற இரும்பு வளையங்கள், அடிக்குள் இன்னோர் அடி வைத்த தகர டப்பா, முனை மட்டும் வெள்ளையாக இருக்கிற கறுப்புக் குச்சி, அழுத்தினால் விரிகிற பட்டுப்பூ, கரையான் தின்றது போக மிச்சமிருந்த வித்தைப் புத்தகங்கள். நகை சேர்க்கிறவர்கள் உண்டு, எவர்சில்வர் சேர்க்கிறவர்கள் உண்டு, நான் கட்டிலுக்கு அடியில் வித்தைச் சாமான் சேர்த்தேன்.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. கடையில் போய்க் கால் கிலோ துவரம்பருப்பு என்று நான் சொல்வதற்குள் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்க் குழம்பே வைத்துவிடுவார்கள். வித்தைச் சாமான் எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வித்தையில் எல்லாரும் கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அந்தப் பெட்டி எட்டயபுரம் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து வந்தது. ஊர் ஊராகக் கொட்டகை போட்டு வித்தை காட்டின ஒருத்தர் இறந்துபோய், பிள்ளைகள் அவருடைய சாமான்களை வீட்டைவிட்டுக் கழித்தபோது இவர் ஏற்றிக்கொண்டு வந்தார். "நல்ல தேக்கு. பீரோவா வச்சுக்கிட்டு சேலை அடுக்கிக்க" என்றார். எனக்கு அது என்ன பெட்டி என்று தெரியும், புத்தகத்தில் படமே பார்த்திருக்கிறேன், இருந்தாலும் சேலை அடுக்கலாம் என்றுதான் நானும் துடைத்து வைத்தேன். சேலை அடுக்குவதற்கு முன்னால் லோகு தெருப் பிள்ளைகளோடு கண்ணாமூச்சி விளையாடி, ஓடிவந்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தேடி வந்த பிள்ளைகள் கதவைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு கண்ணாடிதான் இருந்தது.

"அம்மா, நான் இங்கனதான் இருக்கேன்" என்றாள் லோகு, உள்ளேயிருந்து. நான் கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. "கூசுதும்மா" என்று சிரித்தாள்.

தெரு கூடிவிட்டது. ஆளாளுக்கு எட்டிப் பார்த்து வாயைத் திறக்கப் போன நேரத்தில், பூக்கட்டுகிற குருவம்மா சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் எந்த விசேஷத்துக்கு எத்தனை முழம் பூ, யார் வீட்டுக்கு யார் முதலில் போக வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் நடக்கும்.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்றாள். "புள்ளை நல்லாத்தான் இருக்கு, சத்தம் வருது. ஒருத்தி 'ஆத்தாடி'ன்னு சொல்லக் கூடாது. ஒருத்தன் வாயைப் பொளந்து பாக்கக் கூடாது. ஊர்க் கண்ணு பூரா ஒரு பெட்டி மேல விழுந்தா புள்ளை அங்கனயே தங்கிரும். பாக்குறவுக அம்மிக்கல்லப் பாக்குற மாதிரி பாத்துட்டுப் போங்க."

அவள் சொன்னதில் தப்பே கிடையாது, கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையை யாராவது நல்லா இருக்கே என்று சொல்லிவிட்டால் நாங்கள் எல்லாருமே பதறிப்போய்க் கன்னத்தில் மையை வைக்கிறவர்கள்தானே. பெட்டியின் நெற்றியில் சித்தியே பெரிய மைப்பொட்டு வைத்தாள், எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கொக்கியில் தொங்கவிட்டாள், அன்றையிலிருந்து எங்கள் தெரு என் பிள்ளைக்காக ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டது.

அதை அவர்கள் எவ்வளவு அன்பாகச் செய்தார்கள் என்று சொல்லி முடியாது. என் வீட்டைத் தாண்டுகிறவர்கள் வேண்டுமென்றே கொட்டாவி விட்டுக்கொண்டு தாண்டினார்கள். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் டீக்கடையிலேயே நிறுத்தி, உள்ள போயி ஆச்சரியப்பட்டுத் தொலைச்சிராதீங்க, வேணும்னா வெயிலைப் பத்திப் பேசுங்க என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அங்கன்வாடி ஜெயராணி டீச்சர் தினமும் அவித்த முட்டையோடு வந்து, பெட்டிக்கு முன்னால் நின்று "லோகேஸ்வரி" என்பார்கள், உள்ளேயிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று வரும், முட்டையைத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தித் திறந்தால் ஓடு மட்டும் திரும்பி வரும். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா ஊசியை உள்ளே நீட்டினார்கள், பெட்டி குலுங்கிக் குலுங்கி அழுதது, வளைந்த ஊசி வெளியே வந்தது, நர்ஸம்மா முகத்தைச் சுளிக்காமல் அட்டையில் குறித்துக்கொண்டு, "காய்ச்சல் வந்தா அரை மாத்திரை உள்ள போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வந்தவர் பெட்டியைத் தட்டி "பேரென்ன பாப்பா" என்று கேட்டு எழுதிக்கொண்டார். லோகுவுக்குச் சின்னதாகிப்போன கவுன்களை அவளே வெளியே தள்ளிவிடுவாள், நான் பெரிய கவுனாக வைப்பேன். ஒரு நாள் தட்டில் ஒரு பால்பல் வந்தது.

எல்லாருக்கும் பழகிவிட்டது. எனக்கு மட்டும் பழகவில்லை, ஏனென்றால் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். முதலில் அது கதவுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. பிறகு அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி வந்தது. பிறகு பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஒரு மத்தியானம் சோறு வைக்கும்போது லோகு சொன்னாள்: "அம்மா, இங்கன ஒரு தெரு இருக்கு. கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாந்தா. அங்கனயே நில்லு" என்றேன்.

அன்றைக்குத் தட்டைக் கழுவும்போதே முடிவு பண்ணிவிட்டேன். மறையவைக்கத் தெரிந்தவர் வரவைக்கவும் தெரிந்துதானே வைத்திருப்பார், அது எங்கேயாவது அச்சில் இருக்கும், எங்கே இருந்தாலும் எடுத்துவிட வேண்டியது. இவரிடம் சொன்னேன், இனிமேல் பேப்பர் எடுக்கிற ஊரில் எல்லாம் வித்தைப் புத்தகம் இருக்கா என்று கேட்டு வாருங்கள், கிழிந்தது, நனைந்தது, பாதி எதுவானாலும் பரவாயில்லை. அவர் கோவில்பட்டி, விளாத்திகுளம், சிவகாசி என்று அலைந்தார், அச்சாபீஸ் மூலையிலிருந்தும் செத்துப்போன வாத்தியார் வீட்டுப் பரணிலிருந்தும் கொண்டுவந்தார், அடுப்படியில் பருப்பு டப்பாவுக்கு வைத்த இடம் புத்தகத்துக்குப் போயிற்று, பருப்பு தரைக்கு வந்தது.

இந்தத் தேடுகிற சேதி மதுரை வரைக்கும் போய், ஞானதுரை என்று ஒருத்தர் வந்தார். பள்ளிக்கூடங்களில் வித்தை காட்டினவர், இப்போது பழைய வித்தைச் சாமான் சேர்க்கிறவர், தோளில் தொங்கின பை நிறைய வித்தைப் புத்தகம் வைத்திருந்தார். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே தலையை விட்டுக் கண்ணாடியை அசைத்துப் பார்த்தார்.

"அம்மா, யாரோ ஒரு தாத்தா கண்ணாடியத் தள்ளுறாரு" என்று லோகு தூரத்திலிருந்து சொன்னாள்.

"ஸ்பீக்கரை எங்கம்மா வச்சிருக்கீங்க? நல்லா இருக்கு" என்றார் அவர். "சரி, பெட்டியைக் கொடுத்திருங்க."

"உள்ள புள்ளை இருக்கு சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்த வித்தையையும் சேத்துத்தான் கேக்குறேன்."

இவர் முகம் மாறுவதைப் பார்த்து நான் குறுக்கே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து என் மூன்று பித்தளைக் கிண்ணங்களை எடுத்து வைத்தேன். ஞானதுரை கண் அதிலேயே நின்றுவிட்டது. அந்தக் காலத்து வார்ப்பு என்றார், விளிம்பைத் தடவினார். நான் அவருடைய பையில் இருந்த புத்தகங்களைக் கையால் காட்டினேன். வாய் வரவில்லை, ஆனால் கையை எடுக்கவும் இல்லை. என்னிடம் இருந்ததிலேயே எனக்கு உயிரான சாமான் அந்தக் கிண்ணங்கள், அவை அவரோடு போயின, பை என் வீட்டில் இருந்தது.

அவ்வளவையும் படித்தேன். கோழி காணாமல் போகிற வித்தை, மோதிரம் காணாமல் போகிற வித்தை, ஆள் காணாமல் போகிற வித்தை, எதிலும் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, எல்லாம் கண்ணாடி, நூல், இரட்டை அடி. படித்துப் படித்துச் சலித்து, ஒரு சாயங்காலம் நாலைந்து புத்தகத்தைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இதில் உள்ளது அதில் இருக்கிறதா என்று விரலை வைத்து ஒப்பிட்டுக்கொண்டு வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு வித்தையிலும் பொருள் மறைந்த பிறகு ஒரே மாதிரி ஒரு வரி வருகிறது. 'சபையோர் வியப்புறுவர்.' அதற்கு அடுத்த வரி: 'அதன் பின்னர் மறைந்ததை எடுத்துக் காட்டுக.' வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆள் எழுதின புத்தகங்கள், ஆனால் ஒன்றிலாவது இந்த இரண்டு வரி இடம் மாறவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மேலே போடுகிற பிள்ளையார் சுழி மாதிரி, சும்மா அழகுக்குப் போட்டது என்று நினைத்து இத்தனை நாளும் நான் அந்த வரியைத் தாண்டித் தாண்டி வந்திருக்கிறேன். அது அழகுக்குப் போட்டது இல்லை. அதுவும் செய்முறைதான்.

என் பிள்ளை மறைந்தபோது சபையோர் வியப்புறவில்லை. வியக்க விடாமல் வாயை மூடிவிட்டோம். வித்தை பாதியிலேயே நிற்கிறது.

நேரே குருவம்மா சித்தியிடம் போனேன். மடியில் மல்லிகையைக் குவித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஒரே ஒரு தடவ ஆச்சரியப்படுங்க" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எதப் பாத்துடி?"

"பெட்டியப் பாத்து."

"பெட்டியில என்னத்தா இருக்கு? லோகுதான இருக்கா" என்றாள், நிஜமாகவே புரியாமல். முதலில் பயந்துபோய் வாயை மூடினார்கள், மூடி மூடி இப்போது மனசுக்குள்ளேயே ஆச்சரியம் என்று ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. நான் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். எனக்காக அவள் கன்னத்தில் கை வைத்து, "ஆத்தாடி, என்ன அதிசயம்" என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். பெட்டி அசையவில்லை. "போதுமா? பூ வாடுது" என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு லோகுவைக் கூப்பிட்டால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வருகிற மாதிரி வந்தது. ஜெயராணி டீச்சர் பெயர் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் மேடை போட்டு உறியடி, பாட்டுப் போட்டி எல்லாம் வைப்பார்கள். நான் என் பெயரைக் கொடுத்துவரச் சொன்னேன்.

"என்னன்னு குடுக்க?" என்றார் இவர்.

"வித்தை காட்டுறதுக்கு."

"நீயா? உப்பு வாங்கவே என்னைய அனுப்புறவ."

"நீங்க பேர மட்டும் குடுங்க. பெட்டிய மேடைக்கு ஏத்திக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் பெட்டியை லோடு ஆட்டோவில் கட்டி, தெருவே கொட்டாவி விட்டுக்கொண்டு பார்க்க, மேடைக்கு ஏற்றினோம். முன்வரிசையில் குருவம்மா சித்தி, பக்கத்தில் ஜெயராணி டீச்சர், சேதி கேள்விப்பட்டு மதுரையிலிருந்து வந்த ஞானதுரை. நான் தலையை நிமிர்த்தாமல் தொடங்கினேன். கிண்ணம் போய்விட்டதால் டீ கிளாஸ்களைக் கவிழ்த்து எலுமிச்சம்பழத்தை இங்கேயிருந்து அங்கே தாவவைத்தேன், வளையங்களைக் கோத்தேன், கோத்ததைப் பிரித்தேன், காலி டப்பாவிலிருந்து தெருவுக்கே போதுகிற அளவு பட்டுப்பூ எடுத்தேன், நாடாவை அறுத்து ஒட்டவைத்தேன், எதிலும் ஒரு விரல்கூடத் தவறவில்லை, என் கை அன்றைக்குப் போல ஒரு நாளும் ஓடியதில்லை. பெட்டிக்குள் பிள்ளை இருக்கிற ஊரில் பூ வந்தால் என்ன, எலுமிச்சம்பழம் தாவினால் என்ன, ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. "நூல்" என்றார் ஞானதுரை பக்கத்தில் இருந்தவரிடம். பின்னால் இரண்டு பேர் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

எல்லாச் சாமானும் தீர்ந்துவிட்டது. நான் பெட்டிக் கதவைத் திறந்து, "லோகு" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். காத்திருந்தேன். கண்மாய்க்கு அக்கரையிலிருந்து வருகிற மாதிரி, அவ்வளவு மெல்லிசாக, "அம்மா, தெரு முடிஞ்சிருச்சு, திரும்பவா?" என்று கேட்டது. எந்தப் பக்கம் திரும்புவதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கையில் இருந்த குச்சியைக் கீழே போட்டேன். அறிவிப்புக்கு வைத்திருந்த மைக்கை எடுத்தேன். எதற்கு எடுக்கிறாள் என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

"குருவம்மா சித்தி!" என்றேன்.

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. குழாய் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தி, தெருமுனைக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"சித்தி! எந்திரிங்க! டீச்சர், நீங்களும் எந்திரிங்க! மிக்சரக் கீழ வைங்கய்யா! எம்புள்ளைய உங்க பாசத்தால அடைச்சு வச்சிருக்கீங்க. கண்ணு படும், கண்ணு படும்னு கண்ணையே மூடிக்கிட்டீங்க. ஒரு பச்சப்புள்ளை பெட்டிக்குள்ள பல்லு விழுந்து பல்லு முளைக்குது, நீங்க முட்டையும் மாத்திரையும் போட்டுட்டுப் போயிட்டே இருக்கீங்க. நான் மட்டும் தெனம் அந்தக் கதவுல காத வச்சுச் சாகுறேன். ஞானதுரை சார், நூலு எங்கன்னு எனக்கும் தெரியும்! எம்மக எங்கன்னு சொல்லுங்க! படட்டும், உங்க எல்லார் கண்ணும் எங்க மேல படட்டும், பட்டு என்ன ஆகுதுன்னு நான் பாத்துக்கிறேன். லோகு! அந்தப் பக்கம் திரும்பாத! இந்தப் பக்கம் வா! உங்கம்மா கூப்பிடுறேன், வாடி இங்க!"

மூச்சு வாங்க நின்று, அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மிக்சர் வாய்க்குப் போகிற வழியில் நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் ஆட்டோவைப் பிடித்த கையை எடுக்காமல், வாய் திறந்தபடி நின்றார். ஞானதுரை எழுந்து நின்று என் கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். முன்வரிசையில் குருவம்மா சித்தியின் வலது கை தானாக எழுந்து கன்னத்துக்குப் போயிற்று.

"அடியாத்தீ!" என்றாள் சித்தி. "வேலுத்தாயா பேசுறா!"

"ஆத்தாடி" என்றார்கள் டீச்சர். "ஏயப்பா" என்று பின்னால் ஒரு குரல். அதற்கப்புறம் தடுக்க முடியவில்லை, எத்தனையோ நாளாக அடைத்து வைத்திருந்தது எல்லார் வாயிலிருந்தும் ஒரே மூச்சாக வந்தது, காற்றடித்த மாதிரி, மேடைத் துணி படபடத்தது, எலுமிச்சையும் மிளகாயும் கொக்கியிலிருந்து அறுந்து விழுந்தன.

பெட்டிக்குள் ஓடிவருகிற கொலுசுச் சத்தம் கேட்டது. கண்மாய்ப் பக்கமிருந்து, தண்டவாளத்திலிருந்து, பக்கத்து வீட்டிலிருந்து, அடுப்படியிலிருந்து. லோகு கவுன் முழங்காலுக்கு மேல் ஏறி நிற்க, முடி இடுப்பு வரை தொங்க, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

"யாரும்மா அப்பிடிக் கத்துனது?" என்றாள். "யாருன்னு பாக்க ஓடி வந்தேன்."

"நான்தான்."

"நீயா?" என்று அவளும் வாயைத் திறந்தாள். புதுப் பல் ஒன்று பாதி முளைத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குருவம்மா சித்தி உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள். லோகுவை முன்னால் உட்காரவைத்தேன். "அவளுக்கு இல்லடி, தள்ளு" என்று சொல்லி, என்னை உட்காரவைத்து, என் வாயைச் சுற்றி மூன்று தடவை சுற்றினாள். துப்பச் சொன்னாள், துப்பினேன். அடுப்பில் போட்டோம். மிளகாய் படபடவென்று வெடித்தது. கொஞ்சமாவது நெடி வர வேண்டும், யாராவது இரும வேண்டும். வீடு முழுக்க ஆட்கள் நின்றோம், ஒருத்தருக்கும் தும்மல்கூட வரவில்லை.

"பாத்தியா" என்றாள் சித்தி. "ஊர்க் கண்ணு பூரா ஒன் வாய் மேலதான்டி."

"இருந்துட்டுப் போகட்டும் சித்தி" என்றேன். அது கடை வரைக்கும் கேட்டு, தெருமுனைக் கடைக்காரர், என்னம்மா வேணும் என்று அங்கிருந்தே கேட்டார்.